பகலில் வந்து போகிறவர்களுக்கு மாடிப்படி எதற்கு?

தம்பி,

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் நான் வாயைத் திறந்ததும் நீ "சரிம்மா, சரிம்மா" என்று நடுவில் புகுந்துவிடுவாய். பாப்பா வந்து போனைப் பிடுங்குவாள். என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு உன் அப்பா "சாப்பிட்டானான்னு கேளு" என்று இடிப்பார். கடைசியில் சொல்ல வந்தது அப்படியே தொண்டையில் கிடக்கும். அதனால்தான் கடையில் ஆள் வராத இந்த மத்தியான வேளையில் கொப்பித்தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். வெளியே மழை. தலவாக்கலையில் கார்த்திகையில் மழை என்பது உனக்கு ஒரு செய்தியே இல்லை. ஆனால் இந்த வருசம் ஒவ்வொரு மழைக்கும் நான் எழுந்து போய் மாடிப்படியைப் பார்த்துவிட்டு வருகிறேன். ஏன் என்று சொல்கிறேன். பொறுமையாகப் படி, நடுவில் "சரிம்மா" போடாதே.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாப்பாவுக்கு வீடியோவில் நம் வீட்டைச் சுற்றிக் காட்டினேனே, அங்கிருந்து தொடங்குகிறேன். முன்னால் கடை, கடைக்குப் பின்னால் முன்னறை, அதற்கும் பின்னால் மாடிப்படி, மேலே பலகைத் தரை போட்ட இரண்டு அறை என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்தேன். படிக்கு வந்ததும், நீ சின்னவனாக இருந்தபோது அரிசிச் சாக்கை விரித்து அதன்மேல் உட்கார்ந்து சறுக்கி இறங்குவாய் என்று சொன்னேன். அவள் கண்ணை உருட்டிக்கொண்டு, "அப்பா விழலயா அப்பாயி?" என்றாள். விழுந்து பல் உடைந்த கதையைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் நீ, "அம்மா, போனக் கொஞ்சம் செவுத்துப் பக்கம் திருப்புங்க" என்றாய். திருப்பினேன். படிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு விரல் நுழைகிற வெடிப்பு. படி திரும்புகிற மூலையிலிருந்து இன்னொன்று கிளம்பி, கல்லுக்குக் கல் தாவிக்கொண்டு, மேலறைக் கதவு நிலை வரைக்கும் ஏறியிருந்தது. நீ உடனே, "பாப்பாவுக்குத் தூக்கம் வருதும்மா" என்று போனை வைத்துவிட்டாய். அவள் அப்போது குதித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் நீயே எடுத்தாய். மருமகளுக்கு மறுபடியும் ரெண்டு மாசம் என்றாய். நான் சந்தோசத்தில் உன் அப்பாவைக் கூப்பிடத் திரும்பினேன். அந்த மூச்சிலேயே மற்றதையும் சொல்லிவிட்டாய். "அவளுக்கு இந்த நேரம்மா. பாப்பா வேற ஒரு எடத்துல நிக்க மாட்டா. இங்க டிவியில மலநாட்டுல மண்சரிவுன்னு காட்டும்போதெல்லாம் எனக்கு அந்தச் செவுருதான் ஞாபகம் வருது. மார்கழியில வரும்போது நாங்க நுவரெலியால ஹோட்டல்ல ரூம் போட்டுக்கிறோம். பகல்ல வந்து இருந்துட்டுப் போறோம்." நியாயம்தான். உன் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். ஆனால் நான் உன் இடத்தில் இல்லையே, என் இடத்தில்தானே இருக்கிறேன்.

கோபப்படாமல் கேள். உங்களைப் பார்க்க வேண்டும் என்பது மட்டும் என் ஆசை இல்லை. பார்ப்பதற்கு வீடியோ இருக்கிறது. பாப்பாவின் பல் விழுந்த ஈறைக்கூட அவள் போனுக்குள் வாயை நுழைத்துக் காட்டிவிட்டாள். எனக்கு வேண்டியது வேறு. விடிகிற நேரத்தில் நான் கீழே அடுப்படியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும். தலைக்கு மேலே பலகையில் யாரோ நடக்கிற சத்தம் கேட்க வேண்டும். அந்தச் சத்தத்தை வைத்தே எழுந்தது நீயா, மருமகளா, பாப்பாவா என்று நான் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு படியில் இறங்கி வருகிற சத்தம். நீ எப்போதும் கடைசிப் படியைத் தாண்டிக் குதிப்பாய், "டொம்" என்று கேட்கும், நான் "எரும மாடு" என்று திட்டுவேன். நீ வெளிநாடு போனதிலிருந்து இந்த வீட்டில் அப்படித் திட்டுவதற்கு எனக்கு ஆள் இல்லை. உன் அப்பாவைத் திட்டலாம், திட்டிக்கொண்டும் இருக்கிறேன், ஆனால் அவர் குதிப்பதில்லை. பகலில் வந்து போகிறவர்கள் முன்னறையில் உட்காருவார்கள், பிஸ்கட்டைக் கடிப்பார்கள், இருட்டுவதற்குள் போக வேண்டும் என்று மணியைப் பார்ப்பார்கள். அவர்களுக்கு மாடிப்படி எதற்கு, தம்பி?

இத்தனை நாளும் நாங்கள் அந்த வெடிப்பைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தோம் என்று நினைக்காதே. தீபாவளிக்குத் தீபாவளி உன் அப்பா சீமெந்து குழைத்து அடைப்பார், மேலே பெயின்ட் பூசுவார், இரண்டு அடி தள்ளி நின்று, இடுப்பில் கை வைத்து, மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி பார்ப்பார். பங்குனி வரைக்கும் சுவர் மொழுமொழுவென்று இருக்கும். வைகாசி மழை தொடங்கியதும் பழைய வெடிப்புக்குப் பக்கத்திலேயே புதிதாக ஒன்று கண்ணைத் திறக்கும். மேசன் பாஸைக் கூப்பிட்டும் அடைத்தோம். அவரும் "இனி வராது நோனா" என்று ஒவ்வொரு முறையும் சொன்னார். அப்புறம் யாரோ கடையில் வைத்து உன் அப்பாவுக்கு ஒரு யோசனை சொல்லியிருக்கிறார்கள். வெடிப்புக்குக் குறுக்கே ஒரு கடதாசித் துண்டை ஒட்டி வையுங்கள், சுவர் அசைந்தால் கிழியும், அசையாவிட்டால் கிழியாது என்று. இந்த வருசம் மழைக்கு முன்னால் பழைய கலண்டரில் தேயிலை மலைப் படத்தை வெட்டி, கோதுமை மாப் பசையில் ஒட்டினார். நான் ஏறும்போதும் இறங்கும்போதும் பார்ப்பேன். ஆனி போயிற்று, ஆடி போயிற்று, கடதாசி கிழியவே இல்லை. எனக்கு ஒரே பெருமை. பக்கத்துக் கடை அம்மாவைக் கூட்டிவந்து காட்டினேன்.

நீ ஹோட்டல் என்று சொன்னதும் எனக்கு முதலில் வந்தது அந்தக் கடதாசிதான். அதைப் படம் எடுத்து அனுப்பி உன் வாயை அடைக்கலாம் என்று போனை எடுத்துக்கொண்டு போனேன். ஒட்டிய அன்றைக்கு எடுத்த படமும் போனில் இருந்தது. இரண்டையும் சேர்த்து அனுப்பலாம் என்று பார்த்தால், அன்றைய படத்தில் பச்சை மலை, இன்றைக்குச் சுவரில் நீல ஆகாயம். உன் அப்பாவைக் கூப்பிட்டேன். "இது என்னங்க, தேயில மலைய எங்க காணோம்?" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "வெயில்ல வெளுத்திருக்கும்" என்றார். "மாடிப்படி மூலையில எந்த வெயில்ங்க அடிக்குது?" என்றேன். கொஞ்ச நேரம் சிரித்துப் பார்த்தார், எடுபடவில்லை. மழை தொடங்கியதிலிருந்தே கிழிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. நான் கடைக்கு முன்னால் நிற்கிற நேரம் பார்த்துப் புதிதாக ஒன்றை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறார். மலை எல்லாம் தீர்ந்து ஆகாயத்துக்கு வந்துவிட்டார். "நீ அவ்வளவு சந்தோசமா எல்லாருக்கும் காட்டிக்கிட்டு இருந்த. அதக் கெடுக்க மனசு வரல" என்றார். அன்றைக்கு அவருக்குச் சீனி போடாத தேத்தண்ணிதான். அன்பினால் செய்தார் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்த மூன்று மாத மழையை நாம் வீணாக்கிவிட்டோமே. உனக்கும் குடும்பம் இருக்கிறது. மருமகள் வருத்தப்படுவாள் என்று எதையாவது ஒட்டி மறைக்க உனக்கும் கை துருதுருக்கும், நீ உன் அப்பாவின் பிள்ளை. கிழிந்தது கிழிந்ததாகவே அவள் கண்ணில் படட்டும். அவள் நீ நினைக்கிறதைவிடத் தைரியசாலி, அதை நான் பின்னால் சொல்கிறேன்.

யாராவது விசயம் தெரிந்தவர்களைக் கூட்டிவந்து காட்டுங்கள் என்று நீ சொன்னதால், நகர சபையிலிருந்து ஒரு டெக்னிக்கல் ஒபிசரை வரவழைத்தோம். சிங்களப் பிள்ளை, உன் வயதுதான் இருக்கும். வெடிப்புக்குள் விரலை விட்டுப் பார்த்தார், மேலே ஏறினார், கீழே இறங்கினார், வீட்டுக்குப் பின்னால் மேட்டில் ஏறி மலையையும் பார்த்தார். மலைக்கு ஒன்றுமில்லை, மாடிப்படி நிற்கிற மூலை மட்டும் உள்ளே இறங்குகிறது என்றார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "வத்துர யன்னே கொஹாட்டத?" தண்ணீர் எங்கே போகிறது என்று. உன் அப்பா என்னைப் பார்த்தார். நான் மாடிப்படிக்குப் பக்கத்தில் பூட்டிக் கிடந்த பாத்ரூம் கதவைப் பார்த்தேன்.

அந்தப் பாத்ரூம் உனக்காகவும் மருமகளுக்காகவும் கட்டியது. அதுவரைக்கும் நம் டொய்லெட் பின்முற்றத்தைத் தாண்டி, மேட்டோரத்தில்தானே இருந்தது. மழைக்காலத்தில் இருட்டத் தொடங்கினால் உனக்கு அங்கே தனியாகப் போகப் பயம். நான் குடையோடு வாசலில் நிற்க வேண்டும். நீ கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயிருந்து, "அம்மா, நிக்கிறீங்களா?" என்று கேட்பாய். நான் "நிக்கிறேன்டா" என்பேன். ஒரு நிமிசம் போகாது, மறுபடியும் கேட்பாய். மீசை முளைக்கிற வயதில்கூட, மழை பலமாக இருந்தால், "சும்மா அந்தப் பக்கம் வாங்களேன்" என்று நாசூக்காகக் கூப்பிடுவாய். கொழும்பில் வளர்ந்த பெண்ணைக் கட்டியபோது, அந்தப் பிள்ளைக்கு இந்தச் சிரமம் வேண்டாம், வீட்டுக்குள்ளேயே ஒன்று கட்டிவிட வேண்டும் என்று நான்தான் ஒற்றைக்காலில் நின்றேன். கட்டுவதற்கு இருந்த ஒரே இடம் பின்சுவரை ஒட்டி, பழைய கானுக்கு மேலே. நான் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவள். மலைச்சரிவில் இறங்குகிற தண்ணீரை ஒதுக்கிவிடுவதற்குத்தான் கான் வெட்டுகிறார்கள், அது அடைபட்டால் மண் இறங்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால் கீழே கல் அடுக்கி அகலமாக வழி விட்டு, அதற்கு மேலேதான் கொங்கிரீட் போட வேண்டும் என்று பாஸிடம் கட்டளையாகச் சொல்லியிருந்தேன்.

கல் வந்து இறங்கிய அன்றைக்குத்தான் உன் போன் வந்தது, மருமகள் பாப்பாவை உண்டாகியிருக்கிறாள் என்று. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருக்கும்போது மண்ணைத் தோண்டக் கூடாது, இடிக்கக் கூடாது என்பது நாங்கள் லயத்திலிருந்தே கொண்டுவந்த வழக்கம். உன் அப்பா சிரித்தார். "அவ மெல்பன்ல இருக்கா. தலவாக்கலையில மம்பட்டி புடிச்சா அங்க என்ன ஆவப்போகுது?" என்றார். "எங்க இருந்தாலும் அவ இந்த வீட்டு மருமகதான்" என்று சொல்லிவிட்டேன். தோண்டிய கான் பாதியில் திறந்து கிடப்பதும் ஆகாது என்று பட்டது. கல் அடுக்க நாளாகும் என்பதால், கையில் கிடைத்த ஒரு பைப்பைக் கானுக்குள் வைத்து, மேலே கொங்கிரீட்டை ஊற்றி, அவசர அவசரமாக மூடினோம். மூடிய பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. பிறகு பாப்பா பிறந்தாள், உலகமே வீட்டுக்குள் அடைந்து கிடந்தது, அதற்குப் பிறகு இங்கே பெட்ரோலுக்கு வரிசை, நீங்களும் வரவில்லை. அந்தப் பாத்ரூமில் புதுத் துவாயும் சவர்க்காரமும் வைத்துப் பூட்டிவிட்டேன். நாங்கள் இருவரும் இன்றைக்கும் பின்முற்றத்துக்குத்தான் போகிறோம். புதுப் பாத்ரூமில் நீங்கள் ஒரு நாள்கூட முகம் கழுவியதில்லை. இலையும் சேறும் அந்தப் பைப்பை எப்போதோ அடைத்துவிட்டன, மலைத்தண்ணீர் முழுக்க மாடிப்படிக்கு அடியில் போய்க்கொண்டிருந்தது. உங்களை வரவழைக்கக் கட்டியதே உங்களை ஹோட்டலுக்கு அனுப்புகிறது என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. ஒபிசர் போன பிறகு படியில் உட்கார்ந்து அழுதேன். மறைக்க ஒன்றுமில்லை, நன்றாகவே அழுதேன்.

உடைக்க வேண்டும் என்பது தெரிந்துவிட்டது. ஆனால் மருமகள் இப்போதும் முழுகாமல் இருக்கிறாளே. இந்த முறை உன் அப்பாவே தயங்கினார். "அன்னைக்கு நீதான வேணாம்ன. இப்ப இடிச்சு, ஏதாச்சும் ஒண்ணுன்னா ஆயுசுக்கும் நீயே உன்னைத் தின்னுக்குவ" என்றார். அவர் சொன்னது சரிதான். இரண்டு நாள் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். பிறகு நீ வேலைக்குப் போயிருக்கிற நேரம் பார்த்து மருமகளுக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன், பைப் வரைக்கும். அவள் முதலில் சிரித்துவிட்டாள். "மாமி, வயித்துல இருக்கிற பிள்ளைக்கும் பாத்ரூமுக்கும் என்ன சம்பந்தம்? நீங்க உடைங்க" என்றாள். அப்புறம், "அவர் அந்தப் படிய பத்திக் கதைக்காத நாளே இல்ல மாமி. சாக்குல சறுக்கின கதைய பாப்பாவுக்கு எத்தன தரம் சொல்லியிருப்பார் தெரியுமா? ஹோட்டல் புக் பண்ணின அன்னைக்கு அவர் சாப்பிடவே இல்ல. எனக்கும் அந்த வீட்டுல ஒரு நாளாவது படுத்து எழும்பணும்" என்றாள். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது நான்தான், அவளைக் கடிந்துகொள்ளாதே. மறைக்காதே என்று மேலே உனக்குச் சொல்லிவிட்டு நானே மறைத்தேன் என்று கேட்பாய். கேள். எனக்கு ஒரு நியாயம், உனக்கு ஒரு நியாயம், அம்மா என்றால் அப்படித்தான்.

மறுநாள் குலசாமிக்கு ஒரு விளக்கு ஏற்றி வைத்துவிட்டு, பாஸை வரவழைத்தேன். முதல் அடி விழுந்தபோது காதைப் பொத்திக்கொண்டேன், பொய் சொல்லவில்லை. சாயங்காலத்துக்குள் கொங்கிரீட்டைப் பெயர்த்துவிட்டார்கள். அடியில் சேறு, சவுக்கு இலை, பொலித்தீன் பை, என்றைக்கோ கொடியிலிருந்து காணாமல் போன என் பச்சை ரவிக்கை. அதையெல்லாம் வாரி எடுத்ததும், தேங்கி நின்ற தண்ணீர் முதலில் தயங்கித் தயங்கி அசைந்தது, பிறகு ஒரே இரைச்சலாகக் கானோடு ஓடி ரோட்டோரத்தில் விழுந்தது. உன் அப்பா நனைந்துகொண்டே நின்று பார்த்தார். நான் குடையை அவர் தலைக்குமேல் பிடித்தேன். கடதாசி விவகாரத்தை அன்றைக்குத்தான் மன்னித்தேன்.

இப்போது கானுக்கு இரண்டு பக்கமும் கல் அடுக்கி, திறந்தே விட்டிருக்கிறோம். படி திரும்புகிற இடத்துக்கு அடியில் கனமான மரத்தூண் கொடுத்திருக்கிறது. வெடிப்பை இந்தத் தீபாவளிக்கு நாங்கள் பூசவில்லை. சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு மாசி பங்குனியில்தான் அதைச் சுரண்டிக் கல் கோத்துச் சுண்ணாம்புக் கலவையில் அடைக்க வேண்டும் என்று ஒபிசர் சொல்லிவிட்டார். அதனால் நீ வரும்போது அது அப்படியேதான் இருக்கும், உன்னிடம் எதையும் ஒளிக்கப் போவதில்லை. குறுக்கே புதிதாக ஒரு கடதாசி இருக்கிறது. இந்த முறை ஒட்டியது நான். உன் அப்பாவை நம்ப முடியாது என்பதால், பாதி கடதாசியிலும் பாதி சுவரிலும் விழுகிற மாதிரி அதன்மேல் என் கையெழுத்தைப் போட்டு வைத்திருக்கிறேன். ஐப்பசி முழுக்கக் கொட்டித் தீர்த்தது. என் கையெழுத்து கிழியவில்லை. போன வாரம் ஒபிசர் மறுபடியும் வந்து பார்த்தார். "மேலே பிள்ளைகள் படுக்கலாமா மகன்?" என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டேன். "புளுவன் அம்மே" என்றார். முடியும் என்கிற அந்த ஒரு சொல்லைக் கேட்கத்தான் நான் இத்தனை நாள் காத்திருந்தேன். நீங்கள் வருகிற வாரத்தில் இன்னொரு தடவையும் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

ஹோட்டலை வேண்டாமென்று சொல் என்று நான் கேட்கவில்லை. பிள்ளைத்தாய்ச்சியும் குழந்தையும் உன் பொறுப்பு. நீ வந்து உன் கண்ணால் பார், சுவரைத் தட்டிப் பார், ஒபிசரோடு நீயே பேசு. பிறகும் மனசு ஒப்பாவிட்டால் பகலில் வந்து போங்கள், நான் முகம் தூக்க மாட்டேன். தூக்கினாலும் உங்கள் வேன் வளைவு திரும்பிய பிறகுதான் தூக்குவேன். ஆனால் மேலறையில் மெத்தையை வெயில் கண்ட அன்றைக்கெல்லாம் காய வைத்துக்கொண்டிருக்கிறேன். கம்பளியைத் துவைத்து வைத்திருக்கிறேன். ஒரு அரிசிச் சாக்கையும் உதறி மடித்து வைத்திருக்கிறேன், அதை மருமகளிடம் சொல்லாதே.

ஒன்று மட்டும் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். வீட்டுக்குள் பாத்ரூம் இனி இல்லை. அதிலிருந்த கொமட்டைக் கழற்றிக் கொண்டுபோய்ப் பின்முற்றத்து டொய்லெட்டில் வைத்துவிட்டோம். அடுப்படிக் கதவிலிருந்து அதுவரைக்கும் உன் அப்பா தகரம் போட்டு, கைபிடிக்கக் கம்பும் நட்டு, வழுக்காமல் சாக்கு விரித்திருக்கிறார். லைட்டும் போட்டாயிற்று. ஆனால் மழைக்காலத்து இருட்டு உனக்குத் தெரியும், தகரத்தில் மழை விழுந்தால் பக்கத்தில் பேசுவதுகூடக் கேட்காது. பாப்பா பயப்படுவாள். நீயும் பயப்படுவாய், வெளியில் சொல்ல மாட்டாய். அதைப் பற்றி யோசிக்காதே, தம்பி. நீ கேட்டாலும் கேட்காவிட்டாலும், குடையோடு கதவுக்கு வெளியே நான் நிற்கிறேன்.

அம்மா